திரும்பி வந்த எலெக்ட்ரான்

பேராசிரியர் சி. ஜே. எலியேசர் 1918ஆம் ஆண்டு இலங்கையில் பிறந்த தமிழர். கொழும்பில் பயின்றபின் கேம்பிரிட்ஜ் சென்று, நோபெல் பரிசு பெற்ற பால் டிராக்கின் வழிகாட்டலில் ஆராய்ச்சி செய்தார்.

அணுவின் நடுவே இருப்பது அணுக்கரு. அது நேர் மின்னேற்றமும், எலெக்ட்ரான் எதிர் மின்னேற்றமும் உடையவை. ஆதலால் ஒன்றையொன்று ஈர்க்கும். கருவை நோக்கி நேரே பாயும் எலெக்ட்ரான் அதில் விழுந்தே தீரும் என்றுதான் நாம் எண்ணுவோம். டிராக் 1938இல் வகுத்த சமன்பாட்டைக் கொண்டு எலியேசர் இதைக் கணக்கிட்டார். 1943இல் வெளிவந்த விடையோ, எலெக்ட்ரான் கருவைத் தொடாமலே திரும்பிவிடும் என்றது! முன்னாளில் பூன் லேயில் இருந்தவை போன்ற தோட்டங்களில், மேட்டிலிருந்து உருண்ட ரப்பர் விதை பாதிச் சரிவில் நின்று மறுபடி மேலேறினால் எவ்வாறிருக்கும்? அத்தகைய விந்தை இது.

கணக்கில் பிழையில்லை, குறை சமன்பாட்டில் இருந்தது. ஆசானுடையதாயிற்றே என்று எலியேசர் அதை மறைக்கவில்லை. 1948இல் மாற்றுச் சமன்பாடு ஒன்றையும் முன்வைத்தார்.

1959 முதல் 1968 வரை கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தார். பின்னர் மெல்பர்ன் நகரின் லா டிரோப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 2001இல் காலமானார்.