மீன் தொட்டியருகில் மின்கம்பிகளைக் கையாளுதல்

ஊவா மாகாணத்தில் மரக்கறிச் செய்கையில் ஈடுபட்டுள்ள கமக்காரர் சிலர் வீட்டில் அழகு மீன்களும் வளர்க்கின்றனர். மீன்களின் கழிவு கலந்த நீரில் நைதரசன் சத்து உண்டு. உப்போ மருந்தோ இடப்படாத தொட்டியாயின், வாரந்தோறும் அகற்றும் நீரைத் தக்காளி, மிளகாய், லீக்ஸ் நாற்றுமேடைகளுக்கு ஊற்றிப் பயன்பெறலாம். ஆயின், அந்நீரை முகக்கும் வேளையே அபாயமான வேளையாகும். காற்றுப் பம்பி, வடிகட்டி, விளக்கு, சூடாக்கி ஆகியவற்றின் கம்பிகளுக்கிடையே, ஈரக் கையுடன் ஈரத் தரையில் நின்று அப்போது வேலை செய்கிறோம்.

அபாயத்தின் காரணம்

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று ஆகும். உடலினூடாக 30 மில்லியம்பியர் மின்னோட்டம் பாய்ந்தாலும் உயிருக்கு ஆபத்து நேரலாம். 13 அம்பியர் உருகியோ இதைப்போல் நானூறு மடங்கிற்கு மேற்பட்ட மின்னோட்டத்தையும் தாங்கி நிற்கும். உருகி கம்பியைக் காக்கும், மனிதரைக் காவாது. 30 மில்லியம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை நொடிப்பொழுதில் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சே மனிதரைக் காப்பது.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்

1. தொட்டிக்குள் கையிடுமுன் எல்லாப் பிளக்குகளையும் உலர்ந்த கையால் கழற்றுக. சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது.

2. கம்பி தொட்டியிலிருந்து நேரே பிளக்கிற்குச் செல்லலாகாது. பிளக்கிற்குக் கீழே தாழ்ந்து தொங்கி, பின்னர் மேலேறிச் செல்லுதல் வேண்டும். கம்பிவழியே இறங்கும் நீர் அத்தாழ்விடத்திலிருந்து தரையில் சொட்டிவிடும், பிளக்கினுள் புகாது.

3. காற்றுப் பம்பியைத் தொட்டியின் நீர்மட்டத்திற்கு மேலே வைக்க. கீழே வைத்தால், மின்சாரம் நின்றதும் நீர் குழாய்வழியே பின்னோக்கி வந்து பம்பியினுள் புகக்கூடும்.

4. நீட்டிப்புப் பலகையைத் தரையிலோ தொட்டியின் அடியிலோ வையாது, சுவரில் உயரப் பொருத்துக. உறை வெடித்த கம்பியை நாடா சுற்றிப் பயன்படுத்தலாகாது, மாற்றிவிடுக.

5. ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதமொருமுறை அழுத்துக. சுவிட்ச் விழாவிடின், பயிற்சி பெற்ற மின்வேலைக்காரரை அழைக்க. தோட்ட லயன்களில் ஓரிடத்திலிருந்து நீட்டிய கம்பியால் பல அறைகளுக்கு மின்சாரம் எடுத்திருப்பின், ட்ரிப் சுவிட்சும் புவிக்கம்பியும் உள்ளனவா என்று பார்ப்பித்த பின்னரே தொட்டி வைத்தல் வேண்டும்.

6. இடி மின்னலின்போது பிளக்குகளைத் தொடாதிருக்க. மழை இருண்டு வருமுன்னரே கழற்றிவிடுதல் நன்று.

மலைப்பகுதிக்கு ஏற்ற மீன்

பண்டாரவளை ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலுள்ளது. இத்தகைய இடங்களின் இரவுக் குளிரில் ஏஞ்சல் போன்ற மீன்களுக்குச் சூடாக்கி தேவைப்படும். தங்கமீன் குளிர்ந்த நீரிலும் நன்கு வாழும். அதனைத் தெரிந்தெடுத்தால், நீருக்குள் இறங்கும் மின்கம்பி ஒன்று குறையும்.

விபத்து நேரின்

மின் தாக்கியவரைக் கையால் தொடலாகாது. முதலில் பிரதான சுவிட்சை அணைக்க. அது இயலாவிடின், உலர்ந்த பலகைமேல் நின்று உலர்ந்த மரக்கோலால் கம்பியை விலக்குக. உடனே 1990 இலக்கத்திற்கு அழைத்து அம்புலன்ஸ் வரவழைக்க.

தோட்டத்திற்கு நீர் இறைக்கும் மின் பம்பிக்கும் இவ்விதி பொருந்தும்: முதலில் மின்சாரத்தைத் துண்டிக்க; பின்னரே நீரில் கை வைக்க. இதனை வீட்டுச் சிறுவர்க்கும் கற்பித்தல் வேண்டும்.