ஈ அறையில் இரு மாணவர்கள்

ஆய்வுக்கூடத்தின் கதவு கற்றுத் துறைபோகிய அறிஞர்க்கே திறக்கும் என்றெண்ணி இளங்கலை மாணவர் பலர் தயங்கி நிற்கின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதற்கு, நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயங்கிய 'ஈ அறை' தக்க சான்றாகும்.

16 அடிக்கு 23 அடி அளவினதான அச்சிற்றறையில், உயிரியல் பேராசிரியர் தாமஸ் ஹன்ட் மார்கன் பழ ஈக்களைப் பால் புட்டிகளில் வளர்த்தார். வாழைப்பழமே அவற்றிற்கு உணவு. ஏறத்தாழப் பன்னிரண்டு நாளில் ஒரு தலைமுறை முற்றுப்பெறும். ஆதலின், மாட்டினத்தில் ஒருவர் வாழ்நாள் முழுதும் காத்திருந்து காணவேண்டிய தலைமுறைகளை, ஈயினத்தில் ஓராண்டிற்குள் கண்டுவிடலாம். பரிணாமத்திற்கு அடிப்படையான புதிய வேறுபாடுகள் எங்ஙனம் தோன்றுகின்றன என்பதே அவர்தம் வினா. 1910-இல், செங்கண் ஈக்களிடையே வெண்கண் ஆண் ஈ ஒன்று தென்பட்டது. அதன் வழித்தோன்றல்களை எண்ணி ஆராய்ந்து, அப்பண்பு எக்ஸ் குரோமோசோமைச் சார்ந்தது என உணர்ந்தார். குரோமோசோம் கொள்கையை அதுவரை ஐயுற்றிருந்த அவர், சான்று கண்டபின் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

அவ்வறைக்குள் இரு இளங்கலை மாணவர் நுழைந்த விதம் நாம் கருதத்தக்கது. கால்வின் பிரிட்ஜஸ் என்பார் புட்டி கழுவும் பணிக்கு வந்தவர். கழுவவிருந்த புட்டியொன்றின் தடித்த கண்ணாடியினூடே, வேறுபட்ட ஒளிர்சிவப்புக் கண்ணுடைய ஈயை வெறுங்கண்ணாலேயே கண்டுபிடித்தார். அப்பார்வைக் கூர்மை அவரை ஆய்வாளராக்கியது. ஆல்ஃபிரட் ஸ்டர்டெவன்ட், குதிரைகளின் நிறம் தலைமுறைதோறும் வருமாற்றைத் தாமே ஆராய்ந்தெழுதிய கட்டுரையுடன் பேராசிரியரை அணுகி இடம் பெற்றார். 1911-இல் ஓரிரவு, வகுப்புப் பாடங்களை ஒதுக்கிவைத்து அறையின் கணக்குகளில் ஆழ்ந்தார். ஒரே குரோமோசோமில் தொலைவிலுள்ள மரபணுக்கள் மிகுதியாகவும், நெருங்கியுள்ளவை அரிதாகவும் பிரிகின்றன என்னும் கருத்தைக்கொண்டு, விடிவதற்குள் உலகின் முதல் மரபணு வரைபடத்தை வகுத்தார். அது 1913-இல் வெளியாயிற்று.

1933-இல் மார்கன் நோபல் பரிசு பெற்றபோது, பரிசுத்தொகையைத் தம் மக்களோடு அவ்விருவர் மக்களுக்கும் பகிர்ந்தளித்தார்.

மாணவ நண்பர்களே! ஆய்வுக்கூடத்தை நாடுமுன் அங்கு நிகழும் ஆய்வுகளைப் படித்தறியுங்கள். உங்கள் உள்ளத்தெழுந்த வினா ஒன்றை எழுதிச் செல்லுங்கள். புட்டி கழுவும் பணியே கிடைப்பினும் நாணாது ஏற்று, கழுவுமுன் உள்ளே ஒருமுறை உற்று நோக்குங்கள்.