கணக்குப் பார்ப்பது மனிதருக்கு மட்டுமா?

விலங்கு பசியால் இயங்குகிறது, மனிதன் கணக்கால் இயங்குகிறான் என்ற எண்ணம் நம்மில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. குரங்குகளையும் வாலில்லாக் குரங்குகளையும் வைத்துக் இந்த நூற்றாண்டில் நடந்த சோதனைகள் இந்த எல்லைக்கோட்டை வேறோர் இடத்தில் போடச் சொல்கின்றன. இலாப நட்டம் பார்ப்பதில் அவற்றுக்கும் நமக்கும் உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. பிறரை நம்புவதிலும் நியாயம் கேட்பதிலும்தான் தூரம் அதிகம்.

நம்பிக்கை 1: பண விஷயத்தில் நாம் செய்யும் பிழைகள் சந்தையும் விளம்பரமும் கற்றுத் தந்தவை.

உண்மை: அவற்றுள் சில, சந்தை பிறப்பதற்கு வெகுகாலம் முந்தியவையாக இருக்கலாம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கீத் சென், வெங்கட் லட்சுமிநாராயணன், லாரி சான்டோஸ் ஆகியோர், கபுச்சின் குரங்குகளை உலோக வில்லைகளைக் கொடுத்துத் தீனி வாங்கப் பழக்கினார்கள். 2006இல் வெளியான முடிவுகளின்படி, ஒரு தீனியின் விலை குறைந்ததும் குரங்குகள் அதைக் கூடுதலாக வாங்கின. பிறகு இரண்டு விற்பனையாளர்களை நிறுத்தினார்கள். ஒருவர் ஓர் ஆப்பிள் துண்டைக் காட்டி, பாதித் தடவை இன்னொன்றும் சேர்த்துக் கொடுப்பார். மற்றவர் இரண்டைக் காட்டி, பாதித் தடவை ஒன்றை எடுத்துக்கொள்வார். இருவரிடமும் சராசரியாகக் கிடைப்பது ஒரே அளவுதான். ஆனாலும் குரங்குகள் முதலாமவரையே பெரிதும் நாடின. கிடைத்ததன் மகிழ்ச்சியைவிட இழந்ததன் வலி பெரிது என்று 1979இல் உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் மனிதரிடம் கண்ட இழப்பு அச்சத்தின் சாயல் இது. துண்டை எடுத்துக்கொள்ள ஆகும் தாமதம்தான் குரங்குகளுக்குப் பிடிக்கவில்லை என்றொரு மறுப்பு எழுந்தது. அது கவனிக்கத் தக்கதுதான். ஆனால் சாரா பிராஸ்னன் குழுவினர் 2007இல் முற்றிலும் வேறு முறையில் சிம்பன்சிகளைச் சோதித்தபோதும், கைக்கு வந்த தீனியை இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ள அவை தயங்கின. கபுச்சின்களின் மூதாதையர் நம் மரபிலிருந்து பிரிந்து மூன்று கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. இவ்வளவு தொலைவான உறவுகளிடமும் ஒரே சாய்வு தெரிந்தால், அதைச் சந்தையும் விளம்பரமும் கற்றுத் தந்தது என்று சொல்லிவிட முடியாது.

நம்பிக்கை 2: நாளைய பலனுக்காக இன்று காத்திருக்கும் பொறுமை மனிதனுக்கே உரியது.

உண்மை: 2007இல் வெளியான ஓர் ஆய்வில், உடனே இரண்டு துண்டு தீனி வேண்டுமா, இரண்டு நிமிடம் பொறுத்து ஆறு துண்டு வேண்டுமா என்ற தெரிவு சிம்பன்சிகளுக்கும் மனிதருக்கும் தரப்பட்டது. சிம்பன்சிகள் 72 விழுக்காடு தடவை காத்திருந்தன; மனிதர்கள் காத்திருந்தது 19 விழுக்காடு தடவையே. வெளியே போனால் தின்பண்டம் வாங்கிக்கொள்ளக்கூடிய மனிதருக்கு ஆறு துண்டு பெரிதல்ல என்று கேட்கலாம். கேட்பது சரியே; தீனிக்குப் பதில் பணம் வைத்தபோது மனிதரின் பொறுமை கூடியது. ஆனால் அந்தப் பதிலே நம்மை உண்மைக்கு அருகில் கொண்டு செல்கிறது: காத்திருக்க, பணம் கைக்கு வரும் என்ற நம்பிக்கை வேண்டும். ஓராண்டு வைப்பில் பணம் போடுகிறவரின் பொறுமை அவர் மூளைக்குள் மட்டும் இல்லை. பணத்தைத் திருப்பித் தரும் அஞ்சலகத்திலும், தராவிட்டால் கேள்வி கேட்கும் சட்டத்திலும் இருக்கிறது. அப்படி நம்புவதற்கு எதுவும் இல்லாதவர் இன்றைக்குக் கிடைப்பதை வாங்கிக்கொண்டால், அதைப் பொறுப்பின்மை என்பது அநியாயம்.

நம்பிக்கை 3: தன் இலாபத்தை மட்டும் பார்ப்பதே பகுத்தறிவின் உச்சம்.

உண்மை: அந்த அளவுகோலில் சிம்பன்சி நம்மை முந்திவிடும். ஒரு விளையாட்டில் ஒருவர் ஒரு தொகையைப் பங்கிடுவார். மற்றவர் ஏற்றால் இருவருக்கும் உண்டு, மறுத்தால் இருவருக்கும் இல்லை. 1982 முதல் ஆய்வாளர்கள் நடத்திவரும் இந்த விளையாட்டில், மிகச் சிறிய பங்கு வந்தால் மனிதர் பலர் தமக்கு நட்டமானாலும் மறுத்துவிடுகிறார்கள். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கீத் ஜென்சன், ஜோசப் கால், மைக்கேல் தோமசெல்லோ ஆகியோர் இதையே சிம்பன்சிகளிடம் பத்து உலர்திராட்சைகளை வைத்து நடத்தி 2007இல் வெளியிட்டார்கள். சமமாகப் பங்கிட வழியிருந்தும் ஒரு சிம்பன்சி எட்டைத் தனக்கு வைத்து இரண்டை மட்டும் கொடுத்தபோதுகூட, எதிரிலிருந்த சிம்பன்சி அநேகமாக மறுக்கவில்லை. 2013இல் வேறொரு சோதனையில் சிம்பன்சிகள் சமபங்கை நாடியதாக முடிவு வந்தது. ஆனால் அதிலும் எதிர்த்தரப்பு எந்தப் பங்கையும் மறுக்கவில்லை. பக்கத்துக் குரங்குக்குத் திராட்சை கிடைத்ததைக் கண்டு வெள்ளரித் துண்டை வீசியெறியும் கபுச்சினின் காணொளியைப் பலர் விலங்குகளின் நியாய உணர்வுக்குச் சான்றாகக் காட்டுவார்கள். நல்ல தீனி இருந்தும் தனக்கு மட்டமானது வந்ததே என்ற ஏமாற்றமே அந்தக் கோபத்துக்குப் போதுமான காரணமாக இருக்கலாம். 2017இல் சிம்பன்சிகளிடம் நடந்த ஆய்வில், இயந்திரம் கொடுத்ததைவிட மனிதர் கொடுத்தபோதே மட்டமான தீனி அதிகம் மறுக்கப்பட்டது. பக்கத்தில் இன்னொரு சிம்பன்சி இருந்ததா என்பது பொருட்டாகவில்லை. அநியாயத்தைத் தண்டிக்கத் தன் பங்கையே விட்டுக்கொடுப்பது இவற்றில் எதிலும் தெளிவாகத் தெரியவில்லை. மனிதரிடமும் அது பிறவியிலேயே முழுதாக வந்துவிடுவதில்லை. 2001இல் வெளியான 15 சிறு சமூகங்களின் ஒப்பீட்டில், அன்றாட வாழ்வில் கூட்டுழைப்பும் கொடுக்கல் வாங்கலும் மிகுந்த இடங்களில் தாராளமான பங்குகள் வந்தன. பெருவின் மச்சிகெங்கா மக்களிடம் சிறிய பங்குகளும் ஏற்கப்பட்டன.

இந்தச் சான்றுகளிலிருந்து இரண்டு கடமைகள் பிறக்கின்றன. இழப்பு அச்சம் இவ்வளவு பழையதென்றால், அறிவுரை சொல்லி அதை அகற்ற முடியாது. அதற்கு இடம் கொடுத்துத் திட்டங்களை வகுக்க வேண்டும். பொருளாதார ஆய்வாளர்கள் ரிச்சர்டு தாலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் அப்படிச் செய்தார்கள்: இன்றைய சம்பளத்தில் கை வைக்காமல், இனி வரும் ஊதிய உயர்வின் ஒரு பகுதி சேமிப்புக்குப் போக ஊழியர்களைச் சம்மதிக்க வைத்தார்கள். முதலில் இதில் சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதங்களில் சம்பளத்தின் 3.5 விழுக்காட்டிலிருந்து 13.6 விழுக்காடாக உயர்ந்தது. மற்றொன்று, தன்னலம் மட்டுமே இயல்பு, நியாயம் வெறும் உணர்ச்சி என்று பொருளாதாரம் கற்பிப்பதை நிறுத்த வேண்டும். தன்னலக் கணக்குப் போட மனிதனாகப் பிறக்க வேண்டியதில்லை. முகம் தெரியாதவரையும் நம்பிப் பணம் கொடுக்க வைக்கும் சட்டமும் வழக்கமும் நியாயமுமே நாம் அரும்பாடுபட்டு உண்டாக்கிய செல்வம். நம் பொருளாதாரக் கொள்கைகள் முதலில் காக்க வேண்டியதும் அதைத்தான்.