குடலை இட்லியில் கடுகு உண்டா?

மாமல்லபுரம் பக்கத்து ஓட்டல்களில் ‘காஞ்சிபுரம் இட்லி’ என்று கேட்டால், டம்ளரில் வார்த்த சின்ன இட்லி வருகிறது. கடுகு, கடலைப்பருப்பு, முந்திரி எல்லாம் தாளித்துக் கொட்டியிருக்கும். கோயில் பிரசாதம் இதுதான் என்று பரிமாறுபவரும் நம்புகிறார், சாப்பிடும் வெளியூர்க்காரரும் நம்புகிறார்.

அது வேறு, இது வேறு. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லிக்குக் கடுகு தாளிப்பு கிடையாது. அரிசியும் உளுந்தும் ரவைப் பதத்தில் அரைத்துப் புளிக்கவைத்த மாவு. அதில் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய். மந்தாரை இலை பரப்பிய நீண்ட மூங்கில் குடலையில் ஊற்றி ஆவியில் வைத்தால், வேக இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். வெளியே எடுத்தால் உருளையாக நிற்கும்; மேல்தோலில் இலை நரம்பு பதிந்திருக்கும். துண்டு போட்டதும் சுக்கு வாசனைதான் முதலில் எழும்.

இத்தனை பெரிய இட்லி உள்ளே வரை மெத்தென்று வேக ஆப்ப சோடா போட்டிருப்பார்கள் என்பது அடுத்த நம்பிக்கை. அதுவும் தப்பு. சோடாவையே நம்பி ரொட்டி சுட்ட ஊர் அயர்லாந்து. அங்கே விளையும் கோதுமை மென்மையானது, ஈஸ்ட் ரொட்டிக்கு அவ்வளவு தோதில்லை. 1830களுக்குப் பிறகு சமையல் சோடா கைக்கு வந்ததும், மாவைப் புளித்த மோர் விட்டுக் கலந்து, இரும்புச் சட்டியில் வைத்து, மூடி மேலும் தணலைக் குவித்துச் சுட்டார்கள். நம் பிரியாணி தம் மாதிரியேதான். மோர்ப் புளிப்பு பட்டவுடன் சோடா பொங்கத் தொடங்கிவிடும், அதனால் உடனே சுட்டாக வேண்டும். அதை ஆதிகாலத்து ரொட்டி என்று நினைப்பவர்கள் உண்டு. 200 வருஷம்கூட ஆகவில்லை.

நம் மாவுக்கு அந்த அவசரம் இல்லை. லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா உளுந்தோடு வந்து ராத்திரி முழுக்க வாயுவை விடுகிறது. உளுந்தின் கொழகொழப்பு அதைப் பிடித்துவைக்கிறது. செங்கல்பட்டுச் சித்திரை வெக்கையில், எங்கள் வீட்டு மாவு விடிவதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையில் வழிந்திருக்கிறது. ஒரு சிட்டிகை சோடா போட்டதில்லை.

கைராசி? கரண்டியால் கலக்கினாலும் மாவு பொங்கும். பொங்காத நாளில் மருமகள் கையை விட்டுவிட்டுப் பழைய உளுந்தைச் சந்தேகப்படுங்கள்.

இட்லி என்றைக்கும் அரிசியும் உளுந்தும்தான் என்பதும் சரியில்லை. 10ஆம் நூற்றாண்டுக் கன்னட நூலான ‘வட்டாராதனெ’யில் ‘இட்டலிகே’ என்ற பெயர் வருகிறது. 12ஆம் நூற்றாண்டு ‘மானசோல்லாச’ சொல்லும் பக்குவத்தில் உளுந்து மட்டும்தான், அரிசியே இல்லை.

காஞ்சிபுரம் போனால் ‘குடலை இட்லி’ என்று பேர் சொல்லிக் கேளுங்கள். வெறுமனே ‘காஞ்சிபுரம் இட்லி’ என்றால் டம்ளர் இட்லிதான் வரும்.