ஒரு நூலகத்தின் பாகப்பிரிவினை

கேள்வி: பெல்ஜியம் போன்ற சிறிய தேசத்திலும் பாஷைப் பிணக்கு உண்டா?

பதில்: உண்டு. வடக்கே பிளெமிஷ் மக்கள் டச்சு மொழியும், தெற்கே வலோனியர் பிரெஞ்சும் பேசுகிற அத்தேசத்தில், நெடுங்காலம் நீதிமன்றத்திலும் ராணுவத்திலும் உயர்கல்வியிலும் பிரெஞ்சே ஆதிக்கம் செலுத்திவந்தமையால் பிளெமிஷ் ஜனங்களின் உள்ளத்தில் வளர்ந்த மனத்தாங்கல், 1425-ல் ஸ்தாபிக்கப்பெற்ற லூவன் சர்வகலாசாலையையே 1968-ல் இரண்டாகப் பிளந்தது. மந்திரிசபையும் கவிழ்ந்தது. பிரெஞ்சுப் பிரிவுக்கென மொழியெல்லைக்கு அப்பால் புதியதொரு நகரமே நிர்மாணிக்கப்பட்டது. பிளெமிஷ் பகுதியிலுள்ள லூவனைவிட்டுப் பிரெஞ்சுப் பிரிவு வெளியேற வேண்டும் என்ற பிளெமிஷ் மாணவர்களின் கோரிக்கை நியாயமானதே என்பது என் அபிப்பிராயம். ஆயினும், 1914-லும் 1940-லும் யுத்தத்தீக்கு இரையாகி இருமுறை மீண்டெழுந்த அச்சர்வகலாசாலை நூலகத்தின் புஸ்தகங்கள், ஒற்றைப்படை எண்கள் ஒரு சாராருக்கும் இரட்டைப்படை எண்கள் மற்றவருக்குமாகப் பங்கிடப்பட்டதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சம் கனக்கிறது.