தோப்புக் களைக்குப் பெட்ரோலா, டீசலா?

கேள்வி: எங்கள் பக்கம் எலுமிச்சைத் தோப்பிலும் தென்னந்தோப்பிலும் களை எடுக்க ஆள் கிடைப்பதே அரிதாகிவிட்டது. ஒரு மெஷின் வாங்கி மணிக்கணக்கில் வாடகைக்கு ஓட்டலாம் என்றிருக்கிறேன். கடைக்காரர் 7 ஹெச்பி பெட்ரோல் வீடரே போதும் என்கிறார். டிராக்டர் வைத்திருக்கும் என் தாய்மாமாவோ, 'தொழிலுக்கு டீசல்தான் கட்டும், பெட்ரோல் ஊற்றி யாரும் முன்னுக்கு வந்ததில்லை' என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

– ஒரு வாசகர், வாசுதேவநல்லூர்

பதில்: கடைக்காரருக்குச் சரக்கு போக வேண்டும், மாமாவுக்கு மருமகன் கையைச் சுட்டுக்கொள்ளக் கூடாது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மெஷின் வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடப்போகிறது என்று இருவருமே உங்களிடம் கேட்டதாகத் தெரியவில்லை. அந்த எண்ணிக்கை தெரியாமல் பெட்ரோல், டீசல் பஞ்சாயத்து தீராது.

முதலில் மாமாவின் கட்சியைப் பார்ப்போம். டீசல் மலிவு என்ற எண்ணம் ஒரு காலத்தில் முழு உண்மை. 2012ஆம் ஆண்டின் நடுவில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 70 ரூபாயைத் தாண்டியிருந்தபோது, டீசல் 50 ரூபாய்க்குக் கீழே இருந்தது. அப்போது டீசல் விலையை அரசு பிடித்து வைத்திருந்தது. 2014 அக்டோபரில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. அதற்குப் பிறகு இரண்டு விலைகளும் மெல்ல நெருங்கி வந்து, இப்போது தமிழ்நாட்டில் வித்தியாசம் பத்து ரூபாய்க்குள் நிற்கிறது. லிட்டர் விலையை மட்டும் வைத்து டீசலைத் தேர்ந்தெடுத்த காலம் போய்விட்டது. மாமா கணக்குப் போட்டது சரி; போட்ட வருஷம்தான் பழையது.

ஆனாலும் டீசல் என்ஜினுக்கு எரிபொருள் செலவு குறைவுதான். அதன் காரணம் பங்க் விலைப் பலகையில் கிடைக்காது. டீசல் சற்று அடர்த்தியான எண்ணெய். ஒரு லிட்டரில் பெட்ரோலைவிடச் சுமார் 10 சதவீதம் கூடுதல் வெப்பம் அடங்கியிருக்கிறது. இது சின்ன லாபம். பெரிய லாபம் அமுக்க விகிதத்தில் இருக்கிறது. சிலிண்டருக்குள் போன காற்றை பிஸ்டன் எத்தனை மடங்கு நெருக்கிச் சுருக்குகிறது என்பதுதான் அமுக்க விகிதம். சிறிய பெட்ரோல் என்ஜினில் அது எட்டு, ஒன்பது மடங்கு. டீசலில் 18 மடங்கு முதல் 22 மடங்கு வரை. அவ்வளவு நெருக்கும்போது காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும். டீசலைப் பீய்ச்சினால் போதும், தானே பற்றிக்கொள்ளும். ஸ்பார்க் பிளக் தேவையில்லை. எவ்வளவு நெருக்கிப் பிறகு எவ்வளவு விரியவிடுகிறோமோ, அவ்வளவு வெப்பம் வேலையாக மாறும். ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய என்ஜின், எரிபொருளின் வெப்பத்தில் கால் பங்கை வேலையாக மாற்றியது. அந்நாளைய நீராவி என்ஜின்களில் பெரும்பாலானவை பத்தில் ஒரு பங்கைத் தொடவே திணறிக்கொண்டிருந்தன.

களை வேலைக்கு இன்னும் பொருத்தமான காரணம் ஒன்று உண்டு. பெட்ரோல் என்ஜினில் வேகத்தைக் குறைக்க த்ராட்டில் என்னும் தகடு காற்று வரும் வழியை அடைக்கிறது. என்ஜின் மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சு வாங்குவது மாதிரிதான். வேலை பாதியாகக் குறைந்தாலும் பெட்ரோல் பாதியாகக் குறையாது. டீசலில் காற்றுவழி எப்போதும் திறந்திருக்கும். பீய்ச்சும் எண்ணெயின் அளவுதான் மாறும். வீடர் பெரும்பாலான நேரம் முழுச்சுமையில் ஓடுவதில்லை. லேசான களையில் நகரும், வரப்பில் திரும்பும், சும்மா நின்று உறுமும். அதனால் ஒரே வேலைக்கு டீசல் வீடர் மூன்றில் ஒரு பங்கு வரை குறைவாகக் குடித்தால் ஆச்சரியமில்லை.

ஆனால் காற்றை அப்படி நெருக்குவதற்கு ஒரு விலை உண்டு. அழுத்தத்தைத் தாங்கச் சிலிண்டரும் தண்டும் தடிமனாக வார்க்கப்பட வேண்டும். எண்ணெயைப் பீய்ச்சத் தனி பம்பும் நாசிலும் வேண்டும். 200 சிசி அளவுள்ள பெட்ரோல் என்ஜின் 16 கிலோ அளவில் முடிந்துவிடும். ஆறிலிருந்து ஒன்பது ஹெச்பி வரையான ஒற்றைச் சிலிண்டர் டீசல் என்ஜினோ 30 கிலோவைத் தாண்டி 50 கிலோவை எட்டும். டீசல் வீடருக்கு விலை ஏன் கூடுகிறது, கை ஏன் வலிக்கிறது என்பதெல்லாம் இதிலேயே அடங்கும்.

இப்போது கணக்கு. பெட்ரோல் வீடர் மணிக்கு 1.2 லிட்டர், டீசல் வீடர் 0.8 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் 101, டீசல் 93 ரூபாய் என்றால் மணிக்குச் சுமார் 121 ரூபாய், 74 ரூபாய். மிச்சம் 47 ரூபாய். டீசல் வீடருக்கு நீங்கள் 50,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால், அதை மீட்க ஆயிரத்துச் சொச்சம் மணி நேரம் ஓட்ட வேண்டும். மூன்று ஏக்கர் சொந்தத் தோப்புக்கு வருஷம் 30 மணி நேரம் ஓட்டுகிறவருக்கு அந்தப் பணம் அவர் பேரன் காலத்தில்தான் திரும்பும்! வருஷம் 120 நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் வாடகைக்கு ஓட்டுகிறவருக்கு இரண்டேகால் வருஷத்தில் திரும்பிவிடும். அதன் பிறகு எல்லாம் லாபம். விலைகளை உங்கள் பங்கிலும் கடையிலும் கேட்டு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். முறை மாறாது.

வேலை நாட்கள் எத்தனை என்று கணிக்கும்போது கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டுங்கள். வடகிழக்குப் பருவமழை விழும் ஐப்பசி, கார்த்திகையிலும் அதை ஒட்டிய மாதங்களிலும் ஆளாளுக்கு உங்களைத் தேடுவார்கள். பங்குனி, சித்திரையில் போன் அடிக்காது.

'டீசலுக்கு இழுவை அதிகம்' என்றும் மாமா சொல்லியிருப்பார். 7 ஹெச்பி என்றால் எதில் இருந்தாலும் 7 ஹெச்பிதான். டீசல் குறைந்த சுற்றிலேயே அதிக முறுக்குவிசை, அதாவது தண்டைத் திருகும் பலம், தரும் என்பது உண்மை. கெட்டித்த மண்ணில் கத்தி சிக்கும்போது அது திணறாமல் ஓடும். ஈரமான இளகிய மண்ணில் அந்த வித்தியாசம் கைக்குத் தெரியாது.

இனி நிலத்துக்கு வருவோம். உண்மையான விடை அங்கேதான் இருக்கிறது. தென்னந்தோப்பில் மரத்துக்கு மரம் 25 அடி. டீசல் வீடர் தாராளமாகத் திரும்பும். எலுமிச்சை அப்படியல்ல. புளியங்குடிப் பக்கத்துத் தோப்புகளில் நுழைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கிளை தாழ்ந்திருக்கும், முள் முகத்துக்கு நேரே நிற்கும். அதைவிட முக்கியம் வேர். எலுமிச்சையின் சத்துறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே படர்ந்திருக்கும். குடைக்குக் கீழே வீடரைவிட்டு மண்ணைக் கிளறினால் களையோடு வேரும் அறுபடும். கோரை இருக்கும் தோப்பில் இன்னொரு வம்பு: கத்தி அதன் கிழங்குச் சங்கிலியைத் துண்டாக்கிப் பரப்பும், துண்டுக்குத் துண்டு முளைக்கும். ஆகவே எலுமிச்சையின் அடியில் கிளறுவதைவிட மேலோடு வெட்டிவிடுவதே நல்லது. அதற்கு வேண்டியது பிரஷ் கட்டர், நம் ஊரில் புல் வெட்டும் மெஷின் என்கிறோமே, அது.

தோளில் மாட்டும் அந்த மெஷினில் டீசலைத் தேடி அலையாதீர்கள். அத்தனை அழுத்தம் தாங்கும் டீசல் என்ஜினை முதுகில் சுமக்க ஆகாது. அங்கே தேர்வு டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா என்பதுதான். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலைக் கலக்க வேண்டும். எரியாத கலவையில் ஒரு பகுதி புகையோடு வெளியே போய்விடும். 35 சிசி அளவுள்ள ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் தனி, புகை குறைவு, குடிப்பும் குறைவு. விலையும் எடையும் சற்றுக் கூடும். வாடகைத் தொழிலுக்கு என் ஓட்டு ஃபோர் ஸ்ட்ரோக்குக்கே. இளங்கன்றுகளின் தூரில் மெஷினில் சுழலும் நைலான் கயிறு பட்டால் பட்டை உரியும் என்பதையும் ஓட்டும் பையனிடம் சொல்லிவையுங்கள்.

பெட்ரோல் மெஷினுக்கு இப்போது புதிதாக ஒரு தொல்லை. 2025 முதல் நாடெங்கும் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். சர்க்கரை ஆலையைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரருக்கு எத்தனாலை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் நின்றால் தண்ணீர் சேர்ந்து அடியில் தங்கும், கார்புரேட்டர் அடைக்கும். சீசன் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மிச்சம் தீரும்வரை ஓட்டி நிறுத்துங்கள். 2020க்குப் பிறகு வந்த பைக்குகளில் பெரும்பாலும் கார்புரேட்டரே கிடையாது என்பதால், அதைப் பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்த பழைய மெக்கானிக்கோடு இப்போதே பழகி வையுங்கள். டீசலுக்கு அந்தக் கவலை இல்லை; பம்ப்செட் பார்த்த கை எந்த ஊரிலும் கிடைக்கும். ஆனால் அதன் பம்பும் நாசிலும் கெட்டால் செலவு அதிகம்.

புல்வெளி வெட்டுவதையே பெரிய தொழிலாகச் செய்யும் அமெரிக்காவிலும் வழக்கு இதுதான். வீடு வீடாகப் போகிறவர்கள் பெரும்பாலும் பெட்ரோல் மெஷினே வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்க ஓடும் கோல்ஃப் மைதான மெஷின்களில்தான் டீசல். கலிஃபோர்னியாவில் 2024 மாடல் முதல் புல்வெளி மெஷின்களுக்கான புதிய சிறிய பெட்ரோல் என்ஜின்களில் பெரும்பாலானவற்றுக்கே தடை; அங்கே பேட்டரிக்கு மாறச் சொல்கிறார்கள். ஆனால் நாளெல்லாம் தோப்பில் நிற்கும் உங்களுக்கு பேட்டரி மெஷின் இன்னும் கைகொடுக்காது.

என் தீர்ப்பு இது. உங்கள் வாடிக்கையாளர்களில் எலுமிச்சைக்காரர்கள் அதிகம் என்றால் இரண்டு ஃபோர் ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர்களோடு தொடங்குங்கள், வீடரைத் தள்ளிப்போடுங்கள். ஒரு சீசன் முழுக்க எத்தனை மணி நேர வேலை வந்தது என்று நோட்டில் எழுதுங்கள். தென்னந்தோப்பு வேலை மட்டும் வருஷம் 400 மணி நேரத்தைத் தாண்டினால் மாமா சொன்ன டீசல் வீடரை வாங்குங்கள். 100 மணி நேரத்துக்குள் நின்றால் கடைக்காரர் சொன்ன பெட்ரோலே போதும். இடைப்பட்டால் உங்கள் கைவலுவும் கடன் வட்டியும் முடிவு செய்யட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். வேளாண் இயந்திரங்களுக்கு மத்திய, மாநில அரசுகளின் திட்டத்தில் மானியம் உண்டு: சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பட்டியல், பழங்குடி இனத்தவருக்கும் 50 சதவீதம் வரை, மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை, உச்சவரம்புக்கு உட்பட்டு. வாடகை மையம் தொடங்கத் தனித் திட்டமும் இருக்கிறது. மானியம் வந்தால் 50,000 ரூபாய் வித்தியாசம் சுருங்கும், மேலே போட்ட கணக்கும் மாறும். வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பித்து, ஒப்புதல் கைக்கு வந்த பிறகு மட்டுமே கடையில் பணம் கட்டுங்கள். முன்பே வாங்கிய மெஷினுக்கு மானியம் கிடைக்காது.