கரணம் போடும் பிள்ளையை எங்கே சேர்ப்பது?

பள்ளி ஆண்டு விழாவில் ஒரு பெண்பிள்ளை தரையில் கை ஊன்றிச் சுழன்று எழுந்தால், கடையநல்லூரில் மறுவாரமே பேச்சு தொடங்கிவிடுகிறது. தென்காசிப் பக்கம் ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பு தேடலாமா, சென்னையில் விடுதியோடு சேர்க்கலாமா? முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அக்கம்பக்கத்தார் சொல்வதுதான். அதில் சிலவற்றை மறுத்துச் சொல்லியாக வேண்டும்.

“ஜிம்னாஸ்டிக்ஸ் பழகினா வளத்தி நின்னுபோயிடும்.”

உயரம் குறைந்த உடல் காற்றில் எளிதாகச் சுழலும். அதனால் அப்படிப்பட்டவர்களே மேல்மட்டம் வரை நிலைக்கிறார்கள். அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸின் உயரம் 142 செ.மீ. பயிற்சி அவர்களைக் குட்டையாக்கவில்லை. அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த வல்லுநர்கள் 2013-இல் வந்த முடிவும் இதுதான். உண்மையான ஆபத்து தட்டில் இருக்கிறது. உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால் பூப்பு தள்ளிப்போகும், எலும்பு வலுவிழக்கும். பதினைந்து வயதாகியும் மாதவிடாய் வராவிட்டாலோ, வந்தது மூன்று மாதம் நின்றுவிட்டாலோ மருத்துவரிடம் போக வேண்டும். மணிக்கட்டு வலி தொடர்ந்தாலும் அப்படியே. அங்கே வளரும் எலும்பின் நுனி அடிபட்டிருக்கலாம். பத்து வயதுப் பிள்ளையிடம் “எடையைக் குறை” என்று சொல்லும் கூடத்தில் ஒரு நாள்கூட விட்டுவைக்காதீர்கள்.

“பெரிய ஊருக்குப் போனால்தான் ஆளாக முடியும்.”

தீபா கர்மாகர் திரிபுராவின் அகர்தலாக்காரர். தட்டைப் பாதத்தோடு பிறந்தவர். ஆறு வயதில் தொடங்கி, அந்த ஊரின் பயிற்சியாளர் பிஸ்வேஸ்வர் நந்தியிடமே வளர்ந்து, 2016 ரியோ ஒலிம்பிக்கில் வால்ட் எனும் தாண்டல் பிரிவில் நான்காம் இடம் பிடித்தார். வெண்கலம் தவறியது 0.150 புள்ளியில். ஆனால் திறமை இருந்தால் மொட்டைமாடி போதும் என்று இதற்குப் பொருளில்லை. அகர்தலாவில் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே ஜிம்னாஸ்டிக்ஸ் வேரூன்றிவிட்டது. அவ்வூரின் ஜிம்னாஸ்ட் மொண்டு தேப்நாத் 1975-லேயே அர்ஜுனா விருது பெற்றவர். ஆகவே ஊரின் அளவைப் பார்க்காமல் தரையைப் பாருங்கள். கனத்த மெத்தை இருக்கிறதா, பின்கரணம் பழகும்போது கை கொடுத்துத் தாங்க ஆள் நிற்கிறாரா? பெண்கள் ஏறி நின்று ஆடும் பீம் 10 செ.மீ. அகலமும் 125 செ.மீ. உயரமும் உள்ளது. அதைத் தரைமட்டத்தில் வைத்துப் பழக்காமல் நேராக மேலே ஏற்றும் கூடம் வேண்டாம். அவசரமும் வேண்டாம். சர்வதேச சீனியர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதே 16. ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை ஒக்ஸானா சுசோவிட்டினா 33 வயதில் ஒலிம்பிக் வெள்ளி வென்றார். எட்டு வயதுப் பிள்ளைக்கு வாரம் எட்டு மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு.

“அந்த உடுப்பு நம்ம வீட்டுக்கு ஒத்துவராது.”

விதி தடுக்கவில்லை. கணுக்கால் வரை மூடிய ஒற்றை உடுப்பில் ஜெர்மனிப் பெண்கள் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடினார்கள். “குட்டை உடுப்பு கட்டாயம்” என்று ஒரு மாஸ்டர் சொன்னால் அது அவருடைய விருப்பம்தான்.

“பெற்றோர் நின்றால் பிள்ளைக்குக் கவனம் சிதறும், வெளியே இருங்கள்.”

நான் மிகவும் அஞ்சுவது இதைக் கேட்டுத் தலையாட்டும் பெற்றோருக்காகத்தான். அமெரிக்க அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் சிறுமிகளைச் சீரழித்தான். 2018 ஜனவரியில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் எழுந்து நின்று பேசினார்கள். சிலருக்கு அது நடந்தபோது பெற்றோரும் அதே அறையில் இருந்தார்கள். பிள்ளைக்கு என்ன நேர்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பிரிட்டனில் ஜிம்னாஸ்டிக்ஸ் குறித்து 2022-இல் வெளிவந்த வைட் அறிக்கை, உணவைக் கட்டுப்படுத்துவதும் காயத்தோடு ஆட வைப்பதும் பயிற்சி என்ற பெயரில் நடந்ததைப் பதிவு செய்தது. இந்த விளையாட்டில் கோச் பிள்ளையின் உடலைத் தொட்டுத்தான் கற்றுத்தர முடியும். அதனால்தான் கதவு திறந்திருக்க வேண்டும், ஒரு பெண் பயிற்சியாளராவது கூடவே இருக்க வேண்டும், தனியறையில் மசாஜ் என்ற பேச்சே கூடாது. விடுதியானால் இரவில் பொறுப்பு யாருக்கு என்று பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கே, எதற்காகத் தொடுவார்கள் என்பதைச் சேர்ப்பதற்கு முன்பே பிள்ளையிடம் பேசிவிடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை மனப்பாடம் செய்ய வையுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012 முதல் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் பிள்ளை வாய் திறந்து சொன்ன பிறகுதான் அது வேலைக்கு வருகிறது.

“அலமாரி நிறையக் கோப்பை வைத்திருக்கிறார்கள், நல்ல இடம்தான்.”

கட்டணம் வாங்கிக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் பதக்கம் தரும் ‘மாநில’, ‘தேசிய’ப் போட்டிகள் ஏராளம். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமோ வேலையோ கேட்கும்போது அந்தச் சான்றிதழ்கள் செல்லாது. இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்போ, அங்கீகாரம் பெற்ற ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கமோ நடத்திய போட்டிகளில் இந்தக் கூடத்துப் பெண்கள் எத்தனை பேர் ஆடியிருக்கிறார்கள், ஐந்து வருடம் முன்பு சேர்ந்தவர்களில் இன்னும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேளுங்கள். பாதியில் விட்டுப்போன பிள்ளைகளின் அம்மாக்களில் ஒருவரையாவது தேடிப்பிடித்து, ஏன் விட்டார்கள் என்று விசாரித்துவிட்டுப் பிறகு பணம் கட்டுங்கள்.